தன் கையாலேயே அனுப்பிய பணம்: இணைய மோசடிகளும் தற்காப்பும்

இணையவழிப் பண இழப்பு இரண்டு விதமாக நேர்கிறது. உரியவருக்குத் தெரியாமலே அவர் கணக்கிலிருந்து பணத்தை எடுத்துவிடுவது ஒரு விதம். உரியவரை நம்பவைத்து, அவர் கையாலேயே அனுப்பவைப்பது இன்னொரு விதம். முன்னது திருட்டு, பின்னது ஏமாற்று. இந்த வேறுபாடு பார்வைக்குச் சிறியது. ஆனால் பூட்டு யாரைத் தடுக்கும், சட்டம் யாரைக் காக்கும், இழந்த பணம் திரும்புமா என்ற கேள்விகளின் விடை எல்லாம் இதில்தான் அடங்கியிருக்கிறது.

இந்திய வங்கிகள் கட்டிய பூட்டுகளில் பெரும்பாலானவை திருட்டைத் தடுக்கக் கட்டியவை. இணையத்தில் அட்டை வழியே பணம் செலுத்த, அட்டையில் அச்சிட்ட எண்கள் மட்டும் போதாது, கூடுதலாக இன்னொரு சரிபார்ப்பும் வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2009 ஆகஸ்ட் 1 முதல் கட்டாயமாக்கியது. பல நாடுகள் அப்போது எண்ணிக்கூடப் பார்க்காத ஏற்பாடு அது. ஓடிபி என்ற சொல் ஊர்ப்புறத்து மளிகைக்கடை வரை பழகிப்போனது அதன் பிறகுதான். பூட்டு உறுதியாக இருந்ததால் மோசடிக்காரர்கள் பூட்டை விட்டுவிட்டு, சாவி வைத்திருப்பவரைத் தேடிப் போனார்கள். உள்துறை அமைச்சகம் நாடாளுமன்றத்தில் தந்த கணக்கின்படி, இணையவழி நிதி மோசடிகளில் மக்கள் 2023இல் இழந்தது 7,465 கோடி ரூபாய். 2024இல் இழந்தது 22,845 கோடி ரூபாய். ஓராண்டில் மூன்று மடங்கு. அந்த ஓராண்டில் வங்கிகளின் பூட்டுகள் மூன்று மடங்கு பலவீனமாகிவிடவில்லை. ஏமாற்றும் கலைதான் ஒரு தொழிற்சாலையின் ஒழுங்கோடு வளர்ந்திருக்கிறது.

பின் எண் கேட்கும் இடம்

தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் 2016 ஏப்ரலில் தொடங்கிய யூபிஐ முறையில் ஒரு விதி மிகத் தெளிவானது. பணம் வெளியே போவதற்குப் பின் எண் தேவை. கணக்கின் இருப்பைப் பார்க்கவும் அது கேட்கப்படும். பணம் வருவதற்கு எந்த எண்ணும் வேண்டியதில்லை. எதையும் ஸ்கேன் செய்யவும் வேண்டியதில்லை. இந்த ஒரு விதியை அறியாததால் இழந்த பணம் கொஞ்சநஞ்சமல்ல.

பழைய கட்டிலையோ சைக்கிளையோ விற்க இணையத்தில் விளம்பரம் கொடுத்தவரிடம் ஒருவர் பேசுகிறார். பேரமே இல்லாமல் கேட்ட விலைக்கு ஒத்துக்கொள்கிறார். தான் ராணுவத்தில் வேலை செய்வதாகவும், நேரில் வர இயலாது என்றும், பணத்தை உடனே அனுப்புவதாகவும் சொல்கிறார். பிறகு ஒரு க்யூஆர் கோடு வருகிறது: ‘இதை ஸ்கேன் பண்ணுங்க சார், உங்க அக்கவுண்டுக்குப் பணம் வந்துடும்.’ ஸ்கேன் செய்தால் திரையில் தொகை தெரிகிறது, பின் எண் கேட்கிறது. விற்றவர் பணம் வரப்போகும் மகிழ்ச்சியில் எண்ணை அழுத்துகிறார். பணம் போய்விடுகிறது. பணம் தரும்படி கோரிக்கை அனுப்பும் வசதியும் இதே வகையில் தவறாகப் பயன்பட்டது. தனிநபருக்குத் தனிநபர் அப்படிக் கோரிக்கை அனுப்பும் வசதியையே 2025 அக்டோபர் முதல் நிறுத்திவிடுமாறு கழகம் வங்கிகளுக்கும் செயலிகளுக்கும் ஆணையிட்டது. ஒரு வசதியை மூடிவிட்டால் அந்த வழி மோசடி அடங்கும். க்யூஆர் வழி இன்னும் திறந்தே இருக்கிறது. அதற்குக் காவல் பின் எண்ணின் பொருளை அறிந்திருப்பது ஒன்றுதான்.

டிஜிட்டல் கைது

ஏமாற்றும் கலை எந்த எல்லை வரை போகும் என்பதற்கு ‘டிஜிட்டல் கைது’ சான்று. இதன் நடைமுறை ஏறத்தாழ ஒரே மாதிரி அமைகிறது. முதலில் பதிவுசெய்த குரலில் ஓர் அழைப்பு வருகிறது: இரண்டு மணி நேரத்தில் உங்கள் கைபேசி இணைப்பு துண்டிக்கப்படும், விவரம் அறிய 9ஐ அழுத்தவும். அல்லது, உங்கள் பெயரில் வெளிநாட்டுக்கு அனுப்பிய கூரியர் பொட்டலத்தில் போதைப்பொருள் பிடிபட்டிருக்கிறது. எண்ணை அழுத்தியதும் மறுமுனையில் ஒரு மனிதர் வருகிறார். அவர் கனிவானவர். ‘இதில் உங்களுக்குத் தொடர்பு இருக்காது என்று தெரிகிறது. யாரோ உங்கள் ஆதாரைத் தவறாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். மும்பை போலீசில் புகார் கொடுத்துவிடுங்கள், நானே இணைத்துத் தருகிறேன்’ என்கிறார். அந்தக் கனிவுதான் முதல் கண்ணி. அழைப்பைத் தானே கேட்டு வாங்கியதுபோன்ற எண்ணம் கேட்பவருக்கு வந்துவிடுகிறது.

அடுத்து வீடியோ அழைப்பு. சீருடை அணிந்தவர், பின்னால் அரசு முத்திரை பொறித்த சுவர், பக்கத்தில் வயர்லெஸ் கருவியின் இரைச்சல். கனிவு மறைந்து அதட்டல் வருகிறது. பிடியாணை ஒன்றைக் காட்டுகிறார்கள். அதில் பெயரும் ஆதார் எண்ணும் சரியாகவே இருக்கின்றன. கேமராவை அணைக்கக் கூடாது, வீட்டில் யாரிடமும் சொல்லக் கூடாது, சொன்னால் அவர்களையும் கைது செய்ய நேரிடும். இந்தத் தனிமைப்படுத்தல்தான் முழு ஏற்பாட்டின் அச்சாணி. பக்கத்து அறையில் மகள் இருப்பாள், ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் கலைந்துவிடும். அந்த வார்த்தையைச் சொல்லவிடாமல் அடைப்பதற்கே இத்தனை நாடகம். இரண்டு நாள், மூன்று நாள், சில சமயம் வாரக்கணக்கில் கேமராவின் முன் உட்கார்ந்தபடியே மனிதர்கள் இருந்திருக்கிறார்கள். இறுதியில், ‘உங்கள் பணம் சுத்தமானதா என்று ரிசர்வ் வங்கி சரிபார்க்க வேண்டும். எல்லாவற்றையும் இந்தக் கணக்குக்கு மாற்றுங்கள், சரிபார்த்ததும் திரும்பிவிடும்’ என்ற கட்டளை வருகிறது. வைப்புநிதியை முறிக்க வங்கிக்குப் போகும்போது கவுண்டரில் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்பதையும் அவர்களே சொல்லித்தருகிறார்கள்: இடம் வாங்குகிறேன், மருத்துவச் செலவு.

வர்த்தமான் ஜவுளிக் குழுமத்தின் தலைவர் எஸ்.பி. ஓஸ்வால் 2024 ஆகஸ்ட் இறுதியில் இதே முறையில் 7 கோடி ரூபாய் இழந்தார். அப்போது அவருக்கு வயது 82. அவருக்காக ஒரு போலி உச்ச நீதிமன்ற விசாரணையே இணையத்தில் நடத்தப்பட்டது. அன்றைய தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் அதில் பேசினார். ஓஸ்வால் உடனே புகார் கொடுத்ததால் பஞ்சாப் காவல்துறை 5 கோடியே 25 லட்சம் ரூபாயை மீட்டது. பல ஆயிரம் கோடி ரூபாய்த் தொழிலை நடத்தியவர், கணக்கு வழக்கு அறிந்தவர், நாட்டின் உயரிய விருதுகளில் ஒன்றைப் பெற்றவர். இப்படிப்பட்ட செய்தியைப் படிப்பவர்கள், இவ்வளவு தெரிந்தவர் எப்படி ஏமாந்தார் என்று வியக்கிறார்கள். அந்த வியப்பு பிழையானது, ஆபத்தானதும்கூட. அச்சம் ஒருவரைப் பிடித்துக்கொண்டபின் அவருடைய படிப்பு அவர் பக்கம் நிற்பதில்லை. சட்டத்தை மதித்து வாழ்ந்தவருக்கே சட்டத்தின் பெயர் அதிகம் நடுக்கம் தருகிறது. ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் மருத்துவர்களும் இதில் சிக்குவதன் காரணம் இதுவே.

இந்த நாடகத்துக்குச் சட்டத்தில் துளியும் இடமில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 43ஆம் பிரிவின்படி கைது என்பது உடல்சார்ந்த செயல்: சொல்லாலோ செயலாலோ ஒருவர் தாமே காவலுக்கு உட்பட்டாலொழிய, அவர் உடலைத் தொட்டோ அடைத்தோதான் கைது செய்ய முடியும். கைது செய்யும் அலுவலர் தன் பெயரை எல்லோரும் பார்க்கும்படி அணிந்திருக்க வேண்டும். கைதுக் குறிப்பு எழுதி, குடும்பத்தாரோ அப்பகுதியில் மதிப்புக்குரியவரோ சாட்சிக் கையொப்பமிட வேண்டும். உறவினருக்குத் தகவல் தெரிவிக்க வேண்டும். டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் வகுத்த நெறிகளிலிருந்து வந்தவை இவை. அரசமைப்புச் சட்டத்தின் 22ஆம் கூறு 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்தச் சொல்கிறது. விசாரணைக்கு வருமாறு அழைக்கும் அறிவிப்பைக்கூட வாட்ஸ்அப்பில் அனுப்புவது முறையான சேர்ப்பு ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் தெளிவாக்கியது. உண்மையான சட்டம் ‘குடும்பத்துக்குச் சொல்’ என்கிறது. போலிச் சட்டம் ‘யாரிடமும் சொல்லாதே’ என்கிறது. இரண்டையும் பிரித்தறிய இதைவிட எளிய அடையாளம் வேறில்லை.

பிரதமர் 2024 அக்டோபர் 27 அன்று வானொலி உரையில் இதைப் பற்றித் தனியாகவே எச்சரித்தார். கைபேசியில் அழைப்பு மணிக்கு முன் எச்சரிக்கைக் குரல் ஒலிக்கும் ஏற்பாடும் வந்தது. ஆயினும் அந்த ஆண்டில் மட்டும் டிஜிட்டல் கைதும் அதைச் சார்ந்த குற்றங்களுமாக 1,23,672 புகார்கள் பதிவாயின. இழப்பு 1,935 கோடி ரூபாய். 2022இல் இது 91 கோடியாக இருந்தது. அம்பாலாவைச் சேர்ந்த முதிய தம்பதியர் ஒரு கோடி ரூபாய்க்கு மேல் இழந்து எழுதிய கடிதத்தை உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. நீதிபதிகளின் கையொப்பத்தையே போலியாக இட்டு அந்தத் தம்பதியரை மிரட்டியிருந்தார்கள். நாடெங்கும் உள்ள டிஜிட்டல் கைது வழக்குகளை சிபிஐ விசாரிக்குமாறு அந்த நீதிமன்றம் 2025 டிசம்பர் 1 அன்று ஆணையிட்டது.

ஆசையின் வழி

அச்சத்தைவிட ஆசையின் வழியே போகும் பணம் அதிகம். பங்கு வர்த்தகம் கற்றுத்தருவதாக ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்க்கிறார்கள். குழுவில் நூறு பேர் இருந்தால் தொண்ணூறு பேர் அவர்களுடைய ஆட்களே. நாள்தோறும் தங்கள் இலாபத்தைப் படம் பிடித்துப் போடுகிறார்கள். பிறகு ஒரு செயலியைத் தருகிறார்கள். அதில் போட்ட 50,000 சில நாட்களில் 80,000 ஆகத் தெரிகிறது. சோதித்துப் பார்க்க 5,000 எடுத்தால் உடனே கைக்கு வருகிறது. அந்த 5,000 ரூபாய்தான் மோசடிக்காரர் செய்யும் முதலீடு. அதன்பின் வீட்டுக்கடன் வாங்கியும் நகையை அடகு வைத்தும் பணம் போடுகிறார்கள். பெரிய தொகையை எடுக்க முயலும்போது வரி கட்ட வேண்டும், கட்டணம் கட்ட வேண்டும் என்று மேலும் கேட்கப்படுகிறது. திரையில் தெரிந்த எண்கள் வெறும் எண்கள்தான். எந்தப் பங்கும் எப்போதும் வாங்கப்படவில்லை. பங்குத் தரகரும் ஆலோசகரும் பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு எண்ணைச் செபியின் தளத்தில் யாரும் சரிபார்க்கலாம். இலாபத்தின் மீதான வரியை அரசுக்கு நேரே கட்டுவதுதான் முறை. பணத்தை எடுப்பதற்கு முன்கூட்டித் தரகரிடம் வரி கட்டச் சொல்லும் ஏற்பாடு எங்கும் இல்லை.

மறுமுனையில் இருப்பவர்கள்

ஒரு காலத்தில் இந்தியாவில் தொலைபேசி மோசடி என்றாலே ஜார்க்கண்டின் ஜாம்தாரா நினைவுக்கு வரும். இன்று பெருந்தொகை மோசடிகளில் பல மியான்மரின் மியாவாடி, கம்போடியா, லாவோஸ் ஆகிய இடங்களிலுள்ள வேலியடைத்த வளாகங்களிலிருந்து நடத்தப்படுகின்றன. மியான்மரில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் ஏறத்தாழ 1,00,000 பேரும் இவ்வளாகங்களில் கட்டாயத்தின் பேரில் மோசடி வேலை செய்யவைக்கப்படுவதாக ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023 ஆகஸ்டில் மதிப்பிட்டது. தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போன தமிழ்நாட்டு இளைஞர்களும் அவர்களில் உண்டு. மியாவாடியில் சிக்கிய 13 தமிழர்கள் 2022 அக்டோபரில் மீட்கப்பட்டுச் சென்னைக்கு வந்தார்கள். ஆகவே மறுமுனையில் பேசும் குரல் சில வேளை இன்னொரு பாதிக்கப்பட்டவரின் குரலாகவும் இருக்கக்கூடும். சுற்றுலா விசாவில் வெளிநாட்டு வேலைக்கு அனுப்பும் முகவரை நம்பாதிருப்பதும் இணையப் பாதுகாப்பின் ஒரு பகுதியாகிவிட்டது.

கைபேசிக்குள் நுழைவது

எல்லா மோசடியிலும் உரியவரே பணம் அனுப்புவதில்லை. அவருடைய கைபேசியை வேறொருவர் கைக்கொள்ளும் முறைகளும் உள்ளன. இவற்றிலும் கதவைத் திறந்துவிடுவது பெரும்பாலும் உரியவரே.

‘முந்தைய மாதக் கட்டணம் செலுத்தப்படாததால் இன்றிரவு 9.30 மணிக்கு மின்இணைப்பு துண்டிக்கப்படும்’ என்ற குறுஞ்செய்தி தமிழ்நாட்டில் பலருக்கு வந்தது. அதிலுள்ள எண்ணை அழைத்தால், திரையைப் பகிரும் செயலி ஒன்றை நிறுவச் சொல்வார்கள். அப்படிப்பட்ட எனிடெஸ்க் செயலி பற்றி ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே வங்கிகளை எச்சரித்தது. திரை பகிரப்பட்டபின் வரும் ஓடிபி இரண்டு பேர் கண்ணிலும் படுகிறது. இதைவிடப் புதிய வழி ஏபிகே எனும் செயலிக் கோப்பு. போக்குவரத்து அபராதச் சலான், பி.எம். கிசான், திருமண அழைப்பிதழ் என்ற பெயர்களில் வாட்ஸ்அப்பில் வருகிறது. தெரிந்தவர் எண்ணிலிருந்தே வருகிறது, ஏனெனில் அவர் கைபேசி ஏற்கனவே பறிபோயிருக்கிறது. அழைப்பிதழ் ஒரு படமாகவோ பிடிஎஃப் ஆகவோ இருக்கும். அதற்குச் செயலி எதற்கு? நிறுவினால் குறுஞ்செய்திகளைப் படிக்கும் அனுமதி கேட்கும். கொடுத்தால் ஓடிபி அனைத்தும் சத்தமில்லாமல் வேறோர் இடத்துக்குப் போய்ச்சேரும். தப்பித்தவறி நிறுவிவிட்டால் முதலில் செய்ய வேண்டியது இணையத்தைத் துண்டிப்பது. பிறகு வேறொரு கைபேசியிலிருந்து வங்கிக்குச் சொல்லிக் கணக்கை நிறுத்திவைக்க வேண்டும். அதன்பின் கைபேசியைத் தொழிற்சாலை நிலைக்கு மீட்டமைக்க வேண்டும்.

காரணமின்றிக் கைபேசியில் சிக்னல் முழுதும் போய், பக்கத்தில் இருப்பவருக்கு அதே நிறுவனத்தின் சிக்னல் இருக்குமானால், அதே எண்ணுக்கு வேறொருவர் மாற்றுச் சிம் எடுத்திருக்கலாம். அதை நெட்வொர்க் கோளாறு என்று நினைத்து அடுத்த நாள் பார்த்துக்கொள்ளலாம் என விடுவது பெரும் இழப்பில் முடியும். தன் பெயரில் எத்தனை இணைப்புகள் உள்ளன என்பதைத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் எவரும் பார்க்கலாம். தனக்கு உரிமையில்லாததைத் துண்டிக்கச் சொல்லலாம். ஆதாரின் கைரேகை வழியே பணம் எடுக்கும் மோசடிக்கு, ஆதார் செயலியில் கைரேகையைப் பூட்டிவைப்பதே மருந்து, தேவைப்படும்போது திறந்துகொள்ளலாம்.

கடவுச்சொல் பற்றிய பழைய அறிவுரைகளில் பாதியைக் கைவிட்டாயிற்று. பெரிய எழுத்து, எண், குறியீடு எல்லாம் கலந்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்ற விதியால் மக்கள் ஒரே சொல்லின் முடிவில் 1, 2, 3 என்று மாற்றிக்கொண்டிருந்தார்கள். அமெரிக்கத் தரநிர்ணய அமைப்பான நிஸ்ட் 2017இல் அந்த விதியைத் தளர்த்தி, நீளமே முக்கியம், கசிந்ததற்கான அடையாளம் இருந்தால் மாற்றினால் போதும் என்றது. தொடர்பில்லாத நான்கைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் அடுக்கினால் நீளமும் கிடைக்கும், நினைவிலும் நிற்கும். உண்மையான பேராபத்து ஒரே கடவுச்சொல்லைப் பல இடங்களில் வைப்பது. எங்கோ ஒரு சிறிய கடையின் தளத்தில் கசிந்த சொல்லை எடுத்து, அதே சொல்லால் மின்னஞ்சலைத் திறந்து பார்ப்பதை இயந்திரங்களே நாள் முழுதும் செய்கின்றன. மின்னஞ்சல் திறந்துவிட்டால் மற்ற கணக்குகளின் கடவுச்சொல்லை எல்லாம் அதன் வழியே மாற்றிவிடலாம். ஆகவே ஒரு குடும்பத்தில் மிகக் கவனமாகக் காக்க வேண்டிய கணக்கு மின்னஞ்சல் கணக்குதான். வங்கிக் கணக்கு அதற்கு அடுத்தது. மின்னஞ்சலுக்கென்று தனிக் கடவுச்சொல்லும் இரண்டாவது சரிபார்ப்பும் வேண்டும்.

நிறுவனங்களும் தப்பவில்லை

பெரிய நிறுவனங்களில் புகுந்த கதைகளைப் பார்த்தால், அங்கும் தொடக்கம் பெரும்பாலும் ஒரு மனிதர் திறந்த கடிதமாகவே இருக்கிறது. வங்கதேச மத்திய வங்கியில் 2016 பிப்ரவரியில் நடந்த கொள்ளை, வேலை கேட்டு வந்ததுபோன்ற மின்னஞ்சல்களில் முந்தைய ஆண்டே தொடங்கியது. உள்ளே வந்தவர்கள் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். வியாழன் இரவைத் தேர்ந்தெடுத்தார்கள். வங்கதேசத்தில் வெள்ளி விடுமுறை, அதன்பின் நியூயார்க்கில் சனி ஞாயிறு, அடுத்துப் பிலிப்பைன்ஸில் சீனப் புத்தாண்டு. 95 கோடியே 10 லட்சம் டாலருக்கு 35 ஆணைகள் போயின. பிலிப்பைன்ஸுக்கு 8 கோடியே 10 லட்சம் டாலர் போய்ச் சேர்ந்தது. இலங்கையிலுள்ள ஓர் அறக்கட்டளையின் பெயருக்குப் போன 2 கோடி டாலர் வழியிலேயே நின்றது. அறக்கட்டளையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லில் ஓர் எழுத்துப்பிழை இருந்ததைக் கண்டு, ஐயத்துடன் விளக்கம் கேட்டார்கள். எழுத்துப்பிழையைக் கண்டு நின்று யோசித்த ஒருவருடைய சில நிமிடங்கள் 2 கோடி டாலரைக் காத்தன. கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கியிலும் 2018 பிப்ரவரியில், வங்கதேசத்தில் நடந்தது போலவே, வங்கிகள் தமக்குள் பண ஆணைகளை அனுப்பும் ஸ்விஃப்ட் வழியில் மூன்று போலி ஆணைகள் போயின. துபாய்க்குப் போனது தடுக்கப்பட்டது. கணக்கை ஒத்துப்பார்க்கும் வழக்கமான வேலையின்போதுதான் இது வெளிப்பட்டது.

கோப்புகளைப் பூட்டிவைத்துப் பிணைப்பணம் கேட்கும் ரேன்சம்வேர் வகையில் 2017 மே 12 அன்று பரவிய வான்னாக்ரை இன்றும் பாடமாக இருக்கிறது. 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளை அது தாக்கியது. பூட்டைத் திறக்க 300 டாலரைப் பிட்காயினில் கேட்டது. அது நுழைந்த ஓட்டையை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே அடைத்து வெளியிட்டிருந்தது. அடைப்பை ஏற்றிக்கொள்ள ஏறத்தாழ இரண்டு மாதம் இருந்தது. ஏற்காத இடங்களில் பிரிட்டனின் பொது மருத்துவமனைகளும் இருந்தன. ஆயிரக்கணக்கான நோயாளிகளின் சந்திப்புகள் ரத்தாயின. தில்லி எய்ம்ஸ் 2022 நவம்பர் 23 அன்று தாக்கப்பட்டபோது பல நாட்கள் சீட்டையும் அறிக்கையையும் கையால் எழுதினார்கள். வான்னாக்ரையில் நேர்ந்தது, ‘அப்டேட்’ வந்திருக்கிறது என்று கணினி சொல்வதைத் தள்ளிப்போட்டதன் விலை. காப்பு நகலை மூன்று பிரதிகளாக, இரு வேறு வகைச் சாதனங்களில், ஒன்றை வேறிடத்தில் வைக்க வேண்டும் என்பது கணினித் துறையின் பழைய நெறி. கணினியோடு எப்போதும் இணைந்தே இருக்கும் நகலையும் ரேன்சம்வேர் சேர்த்தே பூட்டிவிடும். கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாகக் கணினி ஒன்றில் தீநிரல் புகுந்ததை 2019 அக்டோபர் இறுதியில் அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. உலைக் கட்டுப்பாட்டுக் கணினிகள் இணையத்தோடு தொடர்பில்லாமல் தனித்து இருந்ததால் அவை பாதிக்கப்படவில்லை என்றும் சொன்னது. வீட்டிலும் இதைச் சிறிய அளவில் செய்யலாம். வாழ்நாள் சேமிப்பு இருக்கும் கணக்கை யூபிஐயோடு இணைக்காமல் வைத்து, மாதச் செலவுக்கான பணம் மட்டும் இருக்கும் வேறொரு கணக்கை இணைத்துக்கொள்வது அதே தத்துவம்தான்.

பணம் போகும் பாதை

ஏமாந்தவரின் கணக்கிலிருந்து போன பணம் மோசடிக்காரரின் சொந்தக் கணக்குக்கு நேரே போவதில்லை. மியூல் கணக்கு எனப்படும் வாடகைக் கணக்குகள் நடுவே இருக்கின்றன. கல்லூரி மாணவர், வேலையில்லாதவர், தினக்கூலி ஆகியோரிடம் சில ஆயிரம் ரூபாய் தந்து அவர்கள் கணக்கையும் ஏடிஎம் அட்டையையும் சிம்மையும் வாங்கிக்கொள்கிறார்கள். முதல் கணக்குக்கு வந்த தொகை சில நிமிடங்களில் பத்துக் கணக்குகளாகவும், அங்கிருந்து ஐம்பதாகவும் பிரிகிறது. பிறகு ஏடிஎம்மில் ரொக்கமாகவோ கிரிப்டோவாகவோ மாறிவிடுகிறது. கணக்கைக் கொடுத்த மாணவருக்கு மோசடியைப் பற்றி ஒன்றும் தெரியாதிருக்கலாம். ஆனால் காவல்துறை முதலில் வந்து தட்டுவது அவர் வீட்டுக் கதவைத்தான். தமிழ்க் குடும்பங்களில் பிள்ளைகளுக்கு இன்று சொல்லியே ஆக வேண்டிய செய்தி இது: கணக்கை இரவல் கொடுப்பதும் குற்றத்தில் பங்கேற்பதும் சட்டத்தின் முன் வெகு அருகில் நிற்கின்றன.

பிரிவதற்குள் பிடித்தால்தான் பணம் கிடைக்கும். இதற்காக 2021இல் உருவான ஏற்பாட்டின் தொலைபேசி எண் முதலில் 155260 ஆக இருந்தது. 2022இல் 1930 ஆனது. அழைத்தவர் தரும் பரிமாற்ற எண்ணை வைத்து, பணம் இப்போது எந்த வங்கியில் நிற்கிறதோ அந்த வங்கிக்கு எச்சரிக்கை போகிறது. அங்கு அது நிறுத்திவைக்கப்படுகிறது. ஏற்கனவே நகர்ந்திருந்தால் அடுத்த வங்கிக்கு எச்சரிக்கை தொடர்கிறது. ஓட்டப்பந்தயம்தான் இது. முதல் ஒரு மணி நேரத்தில் சொன்னவருக்கும் மறுநாள் சொன்னவருக்கும் கிடைப்பதில் மலையளவு வேறுபாடு உண்டு. அந்த ஒரு மணி நேரத்தைத் தின்பது பெரும்பாலும் வெட்கம். பிள்ளைகள் திட்டுவார்கள், ஊர் சிரிக்கும் என்று முதியவர் இரவு முழுதும் விழித்துக் கிடந்து காலையில் சொல்கிறார். ‘என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதாப்பா’ என்ற கேள்வியை அந்த நேரத்தில் அடக்கிக்கொண்டு முதலில் 1930ஐ அழைக்கும் பிள்ளைதான் உண்மையில் உதவுகிறது. அழைத்தபின் தேசிய இணையக் குற்றத் தளத்தில் முழுப் புகாரையும் பதிய வேண்டும். அரட்டைப் பதிவுகள், எண்கள், பரிமாற்றக் குறுஞ்செய்திகள் எதையும் அழிக்கக் கூடாது. நிறுத்திவைத்த பணம் உரியவருக்குத் திரும்ப, நீதிமன்ற ஆணையைப் பெறுவது வழக்கமான வழி. அதற்கு இந்தப் புகாரின் எண்ணே அடிப்படை. இழந்ததை மீட்டுத்தருகிறோம் என்று கட்டணம் கேட்டு வரும் அழைப்பு, அதே கூட்டத்தின் இரண்டாவது வலை.

ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை வாடிக்கையாளரின் பொறுப்புக்கு எல்லை வகுத்தது. வங்கியின் குறையால் இழப்பு என்றால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பே இல்லை. வங்கியிடமும் அவரிடமும் பிழையில்லாமல் இடையில் எங்கோ ஓட்டை என்றால், வங்கியின் தகவல் கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் சொன்னால் முழுத்தொகையும் திரும்பும். நான்கு முதல் ஏழு வேலை நாட்களுக்குள் சொன்னால், சாதாரண சேமிப்புக் கணக்கில் அவருடைய இழப்பு 10,000 ரூபாயைத் தாண்டாது. புகார் பெற்ற பத்து வேலை நாட்களில் பரிமாற்றத் தொகையை வங்கி வாடிக்கையாளரின் கணக்கில் வரவு வைக்க வேண்டும். வாடிக்கையாளர்தான் தவறு செய்தார் என்று மெய்ப்பிக்கும் சுமையும் வங்கியுடையது. இவ்வளவு நல்ல பாதுகாப்பும் உரியவரின் அனுமதியின்றி நடந்த பரிமாற்றத்துக்கே. ஓடிபியைத் தாமே சொன்னால், புகார் கொடுக்கும் வரையான இழப்பு முழுதும் அவருடையது. டிஜிட்டல் கைதில் நடுங்கியபடி தாமே அனுப்பிய பணம் இந்த விதிகளின் கண்ணில் அனுமதியோடு நடந்த பரிமாற்றம். துப்பாக்கி முனையில் கொடுத்ததைச் சட்டம் கொடையாகக் கருதுவதில்லை. கேமரா முனையில் கொடுத்ததை மட்டும் அப்படிக் கருதுவது நியாயமல்ல. எண்பது வயதுக்காரர் ஒரே நாளில் எல்லா வைப்புநிதியையும் முறித்து, முன்பின் அறியாத கணக்குக்கு அனுப்பும்போது அதைச் சில மணி நேரம் நிறுத்திவைத்து, அவர் குடும்பத்தாரில் ஒருவரிடம் பேசும் கடமையை வங்கியின் மேல் வைப்பதே அந்த இடைவெளியை அடைக்கும் வழி. அது விதியாகும் வரை, கவுண்டரில் இருக்கும் எழுத்தர் தாமாகக் கேட்கும் ‘எதுக்கும்மா இவ்வளவு பணம், யாராவது போன் பண்ணாங்களா?’ என்ற கேள்விதான் அங்கே இருக்கும் ஒரே காவல்.